வில்லுக்கு வைத்த நல்லெண்ணெய்

சரஸ்வதி பூஜை அன்றைக்கு நான் எதையும் தேவையில்லாமல் தொடமாட்டேன். பேனாவைத் தொடமாட்டேன், பிள்ளைகளின் புத்தகத்தைத் தொடமாட்டேன், தையல் மிஷின் பக்கமே போகமாட்டேன். போன வருஷம் என் மகன் டி.வி. ரிமோட்டைக் கொண்டுபோய் சாமி முன்னால் வைத்துவிட்டு, "எங்க, இன்னிக்கு சீரியல் பாக்காம இரு பாப்போம்" என்று கேலி செய்தான். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஒன்பது வயதில் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டுப் பயந்தவள் நான். அந்தப் பயம் அவனுக்கு எப்படித் தெரியும்? பத்தாவதோடு நின்றவள், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை யாரிடமும் வாயால் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நெய்வேலி நகரியத்துக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் எங்கள் வீடு. இப்போதும் அதே இடம்தான், ஓடு போய்த் தளம் வந்திருக்கிறது. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி அள்ளிக்கொண்டு போகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள் உருண்டுகொண்டே இருக்கும். அவற்றுக்கு கிரீஸ் போடுவதும், மக்கர் செய்வதை மாற்றுவதும்தான் அப்பாவின் வேலை. பெல்ட்டின் ஓரமாகவே ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். எந்த ரோலர் காய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதாம். காதால்தான் சொல்ல வேண்டும். காய்ந்தது கத்தும். கத்துகிற இடத்தில் நின்று எண்ணெய் காட்டினால் அடங்கிவிடும். அந்த இரைச்சலில் நாற்பதடி தள்ளி ஒரு ரோலர் முனகினாலும் அப்பா நின்றுவிடுவாராம். பர்மனென்ட் ஆட்களே, "யோவ், கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுய்யா" என்று கூப்பிடுவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்லும். அதற்காக யாரும் அவரைப் பர்மனென்ட் ஆக்கவில்லை, அது வேறு விஷயம்.

அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அது நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது. அங்கே சனி, ஞாயிறுகளில் ஒரு சார் வயலின் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கமாட்டார். எட்டாவது படிக்கும்போது சும்மா வேடிக்கை பார்க்கப் போன அக்கா, ப்ளஸ் டூ வருவதற்குள் அந்த வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை ஆகிவிட்டது. வயலின் வகுப்பைச் சேர்ந்தது; அங்கேயே வாசித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். அதனால் அக்கா என்ன வாசிக்கிறது, எப்படி வாசிக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்கு மட்டும் ஒரே வருத்தம். தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கால் மேலே வைத்து வாசிக்கிறார்களாம். "சரஸ்வதியப் போயி கால்ல வெச்சிகினு வாசிக்கறீங்களேடி, அடுக்குமா இது?" என்று ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் நகரியத்தில் பெரிய கச்சேரி ஒன்று ஏற்பாடு ஆனது. பாட்டுக் கிடையாது, மேளம் கிடையாது. வயலினும் அதன் அண்ணன் தம்பிகளும் மட்டும். மெட்ராஸிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள், அவர்களோடு சேர்ந்து நகரியத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று சார் சொன்னார். வயலினைத் தோளில் வைத்துத் தாடையால் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பழக்கினார். அம்மாவுக்கு அப்போதுதான் நிம்மதி.

நடுவில் எல்லோரும் வில்லை இறக்கிவிட, அக்கா மட்டும் எழுந்து நின்று தனியாக வாசிக்க ஒரு பகுதி இருந்தது. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில்தான் எல்லாம் இருந்தது. மெட்ராஸ் குழுவை நடத்துகிற அம்மா, கச்சேரியில் வாசிக்கிற பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிப்போய் விடுதியில் சேர்த்து, காலேஜில் சங்கீதமும் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். "உங்க பொண்ணுதாங்க போகும். அந்த ஒரு துண்ட ஒழுங்கா வாசிச்சிட்டா போதும்" என்று சார் அப்பாவிடமே சொன்னார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். காரணம் இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், கம்மாபுரத்தில் இருந்தார். ப்ளஸ் டூ முடிந்ததும் அக்காவை அவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. சாயங்காலம் ஆனால் கொஞ்சம் குடிப்பார், அவ்வளவுதான் என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். அக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்த் துவைத்த துணியையே எடுத்துத் திரும்பவும் துவைக்கும்.

"மெட்ராஸ் கெடச்சா போவட்டும்மே. கெடைக்கலன்னா ஒன் தம்பி இருக்கவே இருக்கான்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றியது. தலை சுற்றி நான் வாந்தி எடுத்தேன். "சனியனே, சந்தோசமா இருக்கவே வுடமாட்டியா நீ" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கழுவிவிட்டது.

கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்னால்தான் வயலினை வீட்டுக்குக் கொண்டுவர விட்டார்கள். எங்கள் வீடே ஒரு அறையும் அடுப்படியும்தான். அக்கா மூலையில் நின்று வாசிக்கும். தோளில் வைத்து வாசிப்பது புதுப் பழக்கம். புதிதாக ஏதாவது விரல் வைக்கும்போது கிறீச் என்று ஒரு சத்தம் வரும். எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்திருக்கிற அப்பாவுக்கு மட்டும் உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போடும்.

"ஏம்மா, அது கத்துதே."

"பழகப் பழக நின்னுடும்பா."

"காஞ்சி கெடக்குது போலருக்கே."

அக்கா சிரித்துவிட்டு மறுபடி வாசிக்கும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கத்துகிற இடம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கை, கிரீஸ் அடிக்கிற பம்பைப் பிடிக்கிற மாதிரி, தானாக மூடித் திறக்கும்.

எனக்கு வேறு கவலை. அக்கா மெட்ராஸ் போய்விட்டால் நான் யாரோடு படுப்பேன்? யார் எனக்குத் தலை பின்னுவார்கள்? அம்மா பின்னினால் மண்டை வலிக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும் என்று தெரியும்.

கச்சேரி விஜயதசமி அன்று சாயங்காலம். அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. மைன்ஸில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமாக இருக்காது. ஆளுயர மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி பாக்கெட் கொடுப்பார்கள். அப்பா அங்கே பூஜையை முடித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு பகல் பன்னிரண்டுக்கு வந்தார். வந்தவர் தன் ஸ்பானர்களையும் சுத்தியையும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து மணையில் வரிசையாக அடுக்கினார். என் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை, எல்லாம் வந்து சேர்ந்தன. அக்கா பக்கத்துத் தெருவுக்கு வாழையிலை வாங்கப் போயிருந்தது.

அப்போதுதான் அப்பா வயலின் பெட்டியைத் திறந்தார்.

ஒரு குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். கம்பிகளுக்கு அடியில் வெள்ளையாகத் தூசு படிந்திருந்தது. வில்லின் முடி முழுக்க அதே வெள்ளைத் தூசு. எங்கள் ஊரில் வெள்ளையாக எது படிந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். காய வைத்த துணியில், மூடாத சோற்றில், செடியின் இலையில், எங்கேயும் வந்து உட்காருகிற அனல்மின் நிலையத்துச் சாம்பல். "இங்க பாரு, எவ்ளோ சாம்பலு. பொட்டிக்குள்ளயும் பூந்திருக்குது. கத்தாம என்னா பண்ணும்?" என்றார் என்னிடம். அம்மாவின் பழைய நூல்புடவைத் துண்டால் வில்லின் முடியை மேலிருந்து கீழாகத் துடைத்துத் துடைத்து அந்த வெள்ளையை முழுக்க எடுத்தார். பிறகு எண்ணெய். தன் ஸ்பானருக்குப் போட்ட எண்ணெயை எடுக்கவில்லை. "இது சரஸ்வதி. மிஷின் எண்ணெய் ஆவாது" என்று சொல்லி, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் மூன்று சொட்டு விட்டு, இரண்டு கையிலும் தேய்த்து, முடியை விரல்களுக்கு நடுவில் விட்டு, நுனி முதல் அடி வரைக்கும் நீவினார். அம்மா எனக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதைவிடப் பொறுமையாக நீவினார்.

வயலின் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் வயலின் தெரிந்த ஒரே ஆள் இலை வாங்கப் போயிருந்தது. அந்த வெள்ளைத் தூள்தான் முடியைக் கம்பியில் பிடிக்க வைக்கிறது, பிடித்தால்தான் சத்தம் வரும், எண்ணெய் பட்ட முடி வழுக்கிக்கொண்டு போகுமே தவிரப் பேசாது என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்கா வருவதற்குள் பெட்டியை மூடி, மூடிமேல் மூன்று பட்டை விபூதி போட்டு, பூ வைத்து மணையில் ஏற்றிவிட்டார். ஏற்றியாயிற்று என்றால் மறுநாள் புனர்பூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அக்கா ஒருமுறை பெட்டியைப் பார்த்தது. "கடைசியா ஒரு தடவ வாசிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றது. "நாளிக்கு வாசிக்கத்தான போற. இன்னிக்கு சாமி வாசிக்கட்டும்" என்றார் அப்பா.

சாயங்காலம் மூன்று பேரும் முருகன் கோயிலுக்குப் போனார்கள். எனக்கு லேசாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அத்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை வாசலில் பேச்சில் இருந்தது. நான் மணைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மெதுவாகப் பெட்டியைத் திறந்தேன். ஒரு கம்பியை நகத்தால் சுண்டினேன். டங்கென்று அறை முழுக்கக் கேட்டது. பயந்து மூடிவிட்டேன். மூடிவிட்டுக் கையைக் கூப்பி, "சாமி, அக்கா மெட்ராசுக்குப் போவக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். விபூதிப் பட்டை கலைந்திருந்தது. நானே புதிதாகப் போட்டு வைத்தேன்.

மறுநாள் நாலரைக்கு மேல்தான் நல்ல நேரம் என்று அப்பா காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சார் நான்கு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். அக்கா புதுப் பாவாடை தாவணியோடு மணைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. அப்பா கற்பூரம் காட்டி, மணையை லேசாக நகர்த்தி, "இப்ப எடுத்துக்கம்மா" என்றார்.

அக்கா பெட்டியைத் திறந்து வில்லை எடுத்தது. முடி மினுமினுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதில் ஒரு விரலை வைத்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனது.

"பாத்தியா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "நானே ஒக்காந்து தொடச்சேன். ஒரே சாம்பலு. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். இனிமே கத்தாது பாரு."

அக்கா அப்பாவைப் பார்த்தது. அப்புறம் வில்லைப் பார்த்தது.

"சரிப்பா" என்றது.

அம்மாவை மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டி.வி.எஸ். வண்டியில் நான் முன்னால் நின்றுகொள்ள, அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, அப்பா ஓட்டினார். வழியெல்லாம் அப்பாதான் பேசினார். நகரியத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பிளாக்காகக் காட்டி, இங்கே இன்னார் குவார்ட்டர்ஸ், அங்கே இன்னார் குவார்ட்டர்ஸ், அவர்களெல்லாம் இன்றைக்கு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

போய்ச் சேரும்போது மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மேடைக்குப் போக வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்கு ஓடியது. பெட்டியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு கட்டியை எடுத்தது. அதை வில்லில் தேய்த்தால்தான் அந்த வெள்ளைத் தூள் வரும். தேய்த்தது, தேய்த்தது, பைத்தியம் பிடித்த மாதிரி தேய்த்தது. முடி இன்னும் பிசுபிசுவென்று ஆனதுதான் மிச்சம். கண்ணீர் அதன் தாடையிலிருந்து சொட்டியது.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. பேசாம நில்லுடி."

வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் போய், "உன் வில்ல அந்த ஒரு துண்டுக்கு மட்டும் குடேன், உடனே குடுத்துடறேன்" என்று கேட்டது. அந்தப் பெண், "அப்ப நான் கையாலயா வாசிக்கறது? அந்தத் துண்டு முடிஞ்ச உடனே எங்களுக்குத்தான் வருது" என்றது. அது சொன்னதிலும் தப்பில்லை.

சார் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா அவரை நோக்கி நாலெட்டு போனது. அவர் பக்கத்தில் அப்பா. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "எல்லாம் சார் தயவு. நேத்து சாமிகிட்ட வெச்சி எண்ணெயெல்லாம்..." என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சார் கேட்காமலே தலையாட்டினார். அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "ஏம்மா, என்னா நிக்கற? ஓடு, ஓடு" என்று சார் அதட்டினார். அக்கா போய் வரிசையில் நின்றுகொண்டது.

முன்வரிசைகளில் ஆபீஸர் குடும்பங்கள். நாங்கள் கடைசியில், சுவரோரம். திரை விலகியதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கறுப்பு உடுப்பில் அத்தனை பேர். அக்கா வைத்திருப்பது போலச் சின்ன வயலின், அதைவிடப் பெரியது, காலுக்கு நடுவில் நிற்க வைத்து வாசிப்பது, ஆள் நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிப்பது. ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியைத் தூக்கினார். எல்லா வில்லும் ஒன்றாக மேலே போனது, ஒன்றாகக் கீழே வந்தது. அது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியாது. கோயிலில் திரை விலகிக் கற்பூரம் காட்டும்போது மேலெல்லாம் சிலிர்க்குமே, அப்படி. அப்பாவின் கை மூடித் திறக்கவில்லை. மடியில் அப்படியே கிடந்தது. "ஒண்ணு கூடக் கத்தல பாரு" என்று அம்மாவின் காதில் சொன்னார்.

அக்காவின் வில்லும் எல்லோரோடும் மேலே போய்க் கீழே வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள். அக்கா எழுந்து நின்றது. குச்சி அக்கா பக்கம் நீண்டது.

அக்கா வில்லை இழுத்தது. ஒன்றும் வரவில்லை. அழுத்தி இழுத்தது. கொசு பறக்கிற மாதிரி ஒரு முனகல் வந்து அறுந்துபோனது. விரல்கள் மட்டும் சரியான இடத்தில் சரியான வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. வில்லும் போய்ப் போய் வந்தது. சத்தம்தான் இல்லை. குச்சி வைத்திருந்தவர் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து என்று காட்டினார். மறுபடியும் அதே.

"மைக்கு! மைக்கு வேல செய்யல!" என்று அப்பா எழுந்து நின்று கத்தினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு ரெண்டு வரிசை தள்ளி ஒரு பையன், "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற ஊருல கரண்ட் போயிடுச்சுடா" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.

மெட்ராஸ் அம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அக்காவின் தோளில் ஒரு கையை வைத்து உட்கார வைத்துவிட்டு, அந்தத் துண்டைத் தானே வாசித்தார். வீட்டு மூலையில் இரண்டு வாரம் கேட்ட அதே துண்டு, ஒரு இடத்தில்கூடக் கத்தாமல் வந்தது. கூட்டம் கைதட்டியது. அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அம்மா வேட்டியைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்தது.

முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றோம். அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தது.

"என்னாம்மா ஆச்சு?"

"தெரியலப்பா."

"நல்லாத்தான வாசிச்சிகினு இருந்த?"

"தெரியலப்பா" என்று மறுபடியும் சொன்னது.

எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "நான்தாம்பா தொட்டேன். நேத்து நீங்க கோயிலுக்குப் போனப்ப, தொறந்து கம்பியத் தொட்டுட்டேன்." வேண்டிக்கொண்டதைச் சொல்லவில்லை.

அம்மா விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது. அப்பா அடிக்கவில்லை. அங்கேயே புழுதியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். "பூசையில இருந்தத தொட்டுட்டியாடி. அதான். அதான் தாயி கோவிச்சிகினா" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தது. பெட்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு அப்பாவைக் கையைப் பிடித்துத் தூக்கியது.

மறுநாளே அப்பா வயலினை வகுப்பு நடக்கிற இடத்து வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். எனக்கு முருகன் கோயிலில் மொட்டை போட்டார்கள். ஒரு வாரம் கழித்து சார் எங்கள் தெருவுக்கு வந்தார். அக்கா ஓடிப்போய்த் தெருமுனையிலேயே அவரை நிறுத்தி என்னவோ சொன்னது. சார் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். அப்பா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மெட்ராசுக்கு வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வந்தாராம், அக்கா சொன்னது.

அடுத்த ஆவணியில் அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம். மாமாவின் குடி கொஞ்சம் என்பது எத்தனை பெரிய கொஞ்சம் என்று பிறகுதான் தெரிந்தது. இருக்கிறதையெல்லாம் குடித்துவிட்டு, நாற்பது ஆவதற்குள் போய்ச் சேர்ந்தார். அக்கா இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிறது. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்குப் போடுகிறேன். ஒரு வாரம் விட்டதில்லை. என்னை எல்லோரும் பக்திமான் என்கிறார்கள். நான் கேட்டுத்தான் சாமி அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் வேறு என்ன செய்வேன்?

இந்த நவராத்திரியில் எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். அந்த மிஸ் வாட்ஸப்பில் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டினாள். பூஜையில் வைக்கிறவர்கள் பெட்டியை மூடியே வையுங்கள், வில்லில் பொட்டு, எண்ணெய் எதுவும் படக்கூடாது, ஒரு சொட்டு பட்டாலும் சத்தம் வராது, அந்த முடியையே மாற்ற வேண்டி வரும். "யாராச்சும் போயி வயலின்ல எண்ணெய் ஊத்துவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்.

"அக்கா, அன்னைக்கு வில்லுல எண்ணெய் இருந்ததாலதான்... உனக்கு அப்பவே தெரியுமா?"

அக்கா எங்கேயோ ஒதுங்கிப் போயிற்று போல, மிஷின் சத்தம் குறைந்தது.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"கட்டில்ல படுத்திருக்காரு."

"அப்ப எதுக்குடி சத்தமாப் பேசற?"

நான் வாசலுக்கு வந்தேன். "நான்தான் தொட்டேன்னு சொன்னப்ப நீ ஏங்கா ஒண்ணும் சொல்லல?"

"நீ சின்னப் புள்ள. ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துடுவன்னு நெனச்சேன்" என்றது. "அவருக்குத் தெரிஞ்சா மறப்பாரா? சார்கிட்டயும் அதான் சொன்னேன்." சூப்பர்வைசர் வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டது.

சாமிக்கு என்மேல் கோபமே இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்த கையும் என்னுடையதுதான், அக்கா போகக் கூடாது என்று கூப்பிய கையும் என்னுடையதுதான். அந்த வேண்டுதலை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

உள்ளே வந்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். மைன்ஸ் தூசு நெஞ்சில் தங்கி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது அவருக்கு.

"யாரு, பெரியவளா? என்னாவாம்?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்."

"மெட்ராஸ் போயிருக்க வேண்டிய புள்ள." மூச்சை இழுத்துக்கொண்டார். "நீ மட்டும் அன்னிக்கு அதத் தொடாம இருந்திருந்தா."

"ஆமாம்ப்பா" என்றேன். "தொட்டிருக்கக் கூடாதுதான்."

தலையணையைச் சரிசெய்து அவரைப் படுக்க வைத்தேன்.